பாரம் தள்ளும் இறக்கம்

சமதரையில் டிராக்டர் டிரெய்லரை இழுக்கிறது; இறக்கத்தில் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. பழைய வண்டியின் பின்னால் பாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவதில் உள்ள ஆபத்தெல்லாம் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் பெரும்பாலும் வண்டி திணறி நின்றுபோகும். இறக்கத்தில் நேரும் பிசகு ஒவ்வொரு கஜத்துக்கும் வேகம் கூடிக்கொண்டே போகும்.

மதுரைப் பக்கத்துத் திருமங்கலம் மலையூர் அல்ல. கரிசலும் செம்மண்ணும் கண்மாய்களுமாகத் தட்டையாகக் கிடக்கும் தரை. ஆனாலும் அங்கே இறக்கம் இல்லாமல் இல்லை. வயலிலிருந்து கண்மாய்க் கரை ஏறி மறுபக்கம் இறங்கும் மண்பாதை, தண்டவாளத்தைத் தாண்டும் மேம்பாலம், நான்குவழிச் சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் சரிவு எல்லாமே இறக்கந்தான். மேற்கே உசிலம்பட்டியைத் தாண்டினால் ஆண்டிபட்டிக் கணவாய் வந்துவிடும். அதற்கும் அப்பால் தேனி, போடி. போடிமெட்டு ஏறினால் பதினேழு கொண்டை ஊசி வளைவு. தென்மேற்கே டி.கல்லுப்பட்டி, ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, செங்கோட்டைக்கு மேல் ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைகிறது. வைக்கோல், செங்கல், நெல் மூட்டை, எரு என்று எதையாவது ஏற்றிய டிரெய்லர் இந்தச் சரிவுகளில் ஏதாவது ஒன்றில் தினமும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இழுக்கும் வண்டிகளில் வயதானவையும் உண்டு. மாஸி பெர்குசன் நிறுவனத்தின் கூட்டோடு 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, தமிழ்நாட்டு வயல்களை டிராக்டருக்குப் பழக்கிய கம்பெனிகளில் முக்கியமானது. இன்டர்நேஷனல் பி-275, எஸ்கார்ட்ஸ் ஃபோர்டு, எச்எம்டி ஜீட்டர் என்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த பெயர்கள் இன்றைய பழைய வண்டிப் பிரியர்களுக்கு அத்துப்படி. ஜீப்பின் கதை அதற்கும் முந்தியது. மஹிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கியது. ஜீப்போடு சேர்த்து இழுப்பதற்கென்றே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கால் டன் டிரெய்லர் ஒன்று வடிவமைக்கப்பட்டது. சினிமாப் படப்பிடிப்புக்கும் பழைய வண்டி ஊர்வலத்துக்கும் இழுத்துவரப்படும் ஜீப்புகளின் பின்னால் இன்றும் அதே வகை டிரெய்லரைப் பார்க்கலாம்.

இந்த வண்டிகளின் பிரேக் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இறக்கத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பழைய டிராக்டரில் பிரேக் பிடிப்பது பின்சக்கரம் இரண்டு மட்டுமே. முன்சக்கரங்கள் திருப்புவதற்குத்தான். பெரும்பாலான மாடல்களில் வலது காலடியில் இரண்டு பெடல் பக்கம்பக்கமாக இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. சால் முடிந்து வரப்போரத்தில் வண்டியைச் சட்டென்று ஒடிக்க ஒரு பக்கப் பெடலை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரம் நின்று, வண்டி அதையே அச்சாக வைத்துச் சுழலும். வயலில் இது பெரிய வசதி. சாலையில் உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் இரண்டு பெடலையும் ஒன்றாகப் பூட்ட ஒரு சிறிய கொக்கி வைத்திருக்கிறார்கள். வயலை விட்டு வெளியே வந்ததும் அதைப் போட்டாக வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தக் கொக்கி துருப்பிடித்து ஒட்டிக் கிடக்கும், அல்லது எப்போதோ கழன்று விழுந்திருக்கும். இரண்டு ரூபாய்ச் சாமான் என்று யாரும் திரும்ப வாங்கி மாட்டுவதில்லை. கொக்கி இல்லாமல் இறக்கத்தில் அவசரமாகக் கால் வைக்கும்போது ஒரு பெடல் மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் சுழலப் பார்க்கும். பின்னால் வரும் பாரமோ நேராகப் போகப் பார்க்கும். வண்டி கவிழ அது போதும்.

கொக்கி போட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. உழவுக்காரர் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிப் பழகியிருப்பார். அந்தப் பக்க லைனிங் சீக்கிரம் தேயும். சேற்றுழவில் டிரம்முக்குள் சேறும் நீரும் புகும். ஆயில் சீல் நைந்துபோய் கியர் ஆயில் கசிந்து லைனிங்கில் ஏறினால் அந்தச் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். சோதித்துப் பார்ப்பது எளிது. காய்ந்த மண்தரையில் மெதுவாக ஓட்டி, கொக்கி போட்ட பெடலை அழுத்தி மிதித்துவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பின்டயரும் ஒரே நீளத்துக்கு மண்ணை இழுத்திருந்தால் சரி. ஒரு பக்கம் கோடு கிழித்து, மறுபக்கம் டயரின் பட்டைத் தடம் அப்படியே பதிந்திருந்தால், முதலில் மெக்கானிக் கடைக்குப் போக வேண்டும். பாரம் ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

ஜீப், அம்பாசடர், ஃபியட் போன்றவற்றில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உண்டு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியே போய்ச் சக்கரத்துக்குள் இருக்கும் ஷூக்களை விரிக்கும். பழைய வண்டிகளில் இந்தக் குழாய் முழுவதும் ஒரே தொடர். எங்கோ ஒரு மூலையில் ரப்பர் ஹோஸ் வெடித்தாலும் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிட்டுவிடும். இன்றைய கார்களில் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதையில் ஓடுவதால் ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். வில்லிஸ் ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கும் வேறு மாதிரியானது. அது சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பெட்டிக்குப் பின்னால் வெளிவரும் சுழல்தண்டைப் பிடிக்கும். பின்சக்கரங்களில் ஒன்று பள்ளத்திலோ சரளையிலோ பிடிமானம் இழந்தால், டிஃபரன்ஷியலின் வேலையால் அந்தச் சக்கரம் ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் உருண்டு, பிரேக் போட்டிருக்கும்போதே வண்டி நகரத் தொடங்கும்.

டிரெய்லரில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. நம் ஊர் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்கு ஓடும்போது பிடிக்கும் பிரேக்கே கிடையாது. போர்க்கால ஜீப் டிரெய்லரிலும் நிறுத்திவைப்பதற்கான கைப்பிரேக் மட்டுந்தான். ஆக, பின்னால் வரும் எடை முழுவதையும் முன்னால் போகும் வண்டியின் பிரேக்கே சுமக்க வேண்டும்.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இரண்டு டன் டிராக்டர், பாரத்தோடு நான்கு டன் டிரெய்லர், மொத்தம் ஆறு டன் என்று கொள்வோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி சமவெளிச் சாலையில் வழக்கமான சரிவு 3.3 சதவீதம், மிஞ்சினால் 5 சதவீதம், அதாவது இருபது அடி போனால் ஓர் அடி இறங்குவது. ஐந்து சதவீதச் சரிவில் ஆறு டன்னைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 300 கிலோ. டயர் உருளும்போது ஏற்படும் தடை இதில் சுமார் 100 கிலோவைத் தின்றுவிடும். மிச்சம் 200 கிலோவை யாராவது தடுத்துக்கொண்டே வர வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அப்படித் தடுப்பதற்கு ஏறக்குறைய 15 குதிரைத்திறன் ஆகிறது. 35 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள வண்டியில், எஞ்சின் திறனில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை இரண்டு டிரம் சேர்ந்து நிறுத்தாமல் வெப்பமாக்கி வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேகம் 40 ஆனால் இது 30 குதிரைத்திறனாகும். 10 ஆனால் ஏழரை.

வேகத்தைக் குறைத்தால் மொத்த வெப்பம் குறைந்துவிடாது. மேலிருந்து கீழே நூறு மீட்டர் உயரம் இறங்கும் அந்த ஆறு டன், எந்த வேகத்தில் இறங்கினாலும் டயர்த் தடை போக ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்கு வெப்பத்தைக் கக்கியே தீரும். மெதுவாகப் போனால் அந்த வெப்பம் காற்றில் கலைய நேரம் கிடைக்கும். ஐந்து சதவீதச் சரிவில் நூறு மீட்டர் இறங்க இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும்; அதை 20-இல் இறங்க ஆறு நிமிடம், 10-இல் இறங்கப் பன்னிரண்டு நிமிடம். மெதுவாக இறங்கச் சொல்வதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

வெப்பம் கலையாமல் தேங்கினால் டிரம் பிரேக் இரண்டு விதமாக ஏமாற்றும். இரும்பு டிரம் சூடேறி விரியும்போது ஷூவிலிருந்து விலகிப் போகும். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கும். லைனிங்கில் உள்ள பிசின் சூட்டில் ஆவியாகி, உராய்வும் குறையும். ‘பெடல் கல்லு மாதிரி இருக்கு, வண்டிதான் நிக்கல’ என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். மூன்றாவது வகை ஆயில் பிரேக்கில் வரும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்த ஆயில் குழாய்க்குள் ஆவிக் குமிழாகிறது. ஆவியை அமுக்கலாம், ஆனால் அதைக் கொண்டு ஷூவைத் தள்ள முடியாது. பெடல் பஞ்சுபோல் தரைவரை போய்விடும். வருடக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் பழைய ஜீப்பில் ஆயில் மட்டம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்த ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் தீர்வு பிரேக்கில் இல்லை, கியரில் இருக்கிறது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரந்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். கியர் எவ்வளவு சிறியதோ, எஞ்சின் அவ்வளவு கூடுதல் சுற்றுச் சுற்றியாக வேண்டும்; வண்டியைப் பிடித்து இழுக்கும் விசையும் அவ்வளவு கூடும். எஞ்சினுக்கு ரேடியேட்டரும் ஃபேனும் இருப்பதால் சூடு ஒரு பிரச்சினை இல்லை. பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சினின் பிடி சற்றுக் குறைவு என்றாலும், தாழ்ந்த கியரில் அது தாராளமாகப் போதும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு. பாரம் கட்டிய டிராக்டருக்கு அதைவிட ஒரு கியர் குறைத்தே வைத்துக்கொள்ளலாம். ஜீப்பில் நான்கு சக்கர இழுப்பையும் லோ கியரையும் போட்டுக்கொண்டால் எஞ்சினின் பிடி நான்கு டயருக்கும் பரவும்.

பழைய வண்டியில் இந்த முடிவை இறக்கத்தின் உச்சியிலேயே எடுத்தாக வேண்டும். பாதி வழியில் எடுக்க முடியாது. ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது போடப் பார்த்தால் பல் கடிக்கும், விழாது. அக்கால டிராக்டர்கள் பலவற்றில் எந்தக் கியரானாலும் வண்டி நின்ற பிறகே மாற்ற முடியும். சரிவின் நடுவில் கியர் மாற்றலாம் என்று கிளட்சை மிதித்த நொடியே எஞ்சினின் பிடி விட்டுப்போகிறது, ஆறு டன்னும் அவிழ்த்துவிட்டது போல ஓடத் தொடங்குகிறது, அந்த வேகத்தில் அடுத்த கியரும் விழாது. இதில் போனால் திரும்ப வழியில்லை. ஆகவே உச்சியில் நிறுத்தி, கியர் போட்டு, கிளட்சை முழுக்க விட்டு, கால் அதன் பக்கமே போகாமல் இறங்க வேண்டும்.

தேய்ந்த கியர்பெட்டியில் இன்னொரு தொல்லை உண்டு. இழுக்கும்போது ஒழுங்காக நிற்கும் கியர், பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிடும். பல் தேய்மானமும் ஸ்பிரிங் தளர்ச்சியும் காரணம். அப்படித் தெறிக்கும் வண்டியை லிவரில் கையை அழுத்திப் பிடித்தபடி ஓட்டுகிறவர்கள் உண்டு. கையால் பிடித்துக்கொண்டு டிரெய்லரோடு இறங்குவது விவேகமில்லை. பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யும்வரை பாரத்தைச் சமதரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வெளிநாட்டு மாஸி பெர்குசன் மாடல்கள் சிலவற்றில் இருந்த ‘மல்ட்டி பவர்’ கியர் இன்னும் விசித்திரமானது. அதன் ‘லோ’ நிலை ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும் அமைப்பு என்பதால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைத் தடுக்கவே தடுக்காது. பெயரில் லோ என்று இருப்பதை நம்பி இறங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அந்த மாடல்களில் இறக்கத்துக்கு ‘ஹை’ நிலைதான் சரி.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்ட டீசல் எஞ்சினை இறக்கம் சுழற்றும்போது கவர்னர் எண்ணெயை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் எண்ணெய் குடித்தாக வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் செலவு. சரிவு முடிந்த பின்னும் வண்டி சிறிது தூரம் சும்மா உருண்டு போவது என்னவோ உண்மை; அந்தச் சில்லறை மிச்சத்துக்குத்தான் இத்தனை ஆபத்தும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஊரறிந்த இடம் தொப்பூர்க் கணவாய். திருமங்கலத்தைத் தொட்டுக் கன்னியாகுமரிக்குப் போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே சாலை நீளமாகச் சரிகிறது. வடக்கேயிருந்து பாரத்தோடு வரும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2020 டிசம்பரில் ஒரு சரக்கு லாரி கார்களின் வரிசைமேல் பாய்ந்ததில் உயிர்கள் போயின. நியூட்ரலில் இறங்காதே, வேகத்தைக் குறை என்பதே அங்கே காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஓயாமல் சொல்லிவரும் அறிவுரை. நீலகிரியில் மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கேயும் முதல் அல்லது இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும் என்பது கட்டாயம். புதிய கார்களே அந்தப் பாதையில் பிரேக் சூடேறித் தவிக்கும்போது, ஒரே குழாயை நம்பி ஓடும் பழைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் வரும் ஒவ்வொரு பெட்டியும் தன் எடையைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்துக்கு நல்ல உதாரணம் அதே நீலகிரியில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் கடும் சரிவு சுமார் 12-க்கு 1; எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். எஞ்சின் எப்போதும் பெட்டிகளின் கீழ்ப்பக்கம்தான் நிற்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். அத்தோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நின்றுகொண்டு, எஞ்சினின் விசில் கேட்டுத் தன் பெட்டியின் பிரேக்கைப் போட்டும் தளர்த்தியும் வருகிறார். கீழிருந்து தாங்கும் எஞ்சினை மட்டும் நம்பி ஒரு பெட்டியும் விடப்படவில்லை. சாலை டிரெய்லருக்கும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. முன்வண்டி வேகம் குறைத்ததும் டிரெய்லர் வந்து கொண்டியை அமுக்கும். அந்த அமுக்கமே ஒரு கம்பி வழியாகப் போய் டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் போடும். இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக் விழும்படி ஒரு தனிக் கம்பிவடமும் இருக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கார் இழுக்கும் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் அதுபோல் ஐந்தாறு மடங்கு எடை பிரேக்கே இல்லாமல் போய்வருவது சர்வசாதாரணம். பழைய வண்டியைப் புதுப்பிக்கப் பெயின்டுக்கும் குரோமுக்கும் செலவிடுகிறவர்கள், டிரெய்லருக்கு அச்சு பிரேக் பொருத்த அதில் ஒரு பங்கை ஒதுக்கினால் வேறெந்த அலங்காரத்தையும்விட அது பெறும்.

நிற்கும் தூரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாரமில்லாத டிராக்டர் காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து பிரேக் பிடித்த பின் எட்டு மீட்டரில் நிற்கும் என்றால், மேலே சொன்ன நான்கு டன் டிரெய்லரோடு சமதரையில் இருபது மீட்டருக்கு மேலும் ஐந்து சதவீத இறக்கத்தில் முப்பதுக்கு மேலும் ஆகும். கால் பெடலுக்குப் போவதற்குள் ஓடும் எட்டு மீட்டர் இதில் சேரவில்லை. கண்மாய்க் கரையின் சரளைச் சரிவில் கணக்கே வேறு. பிடிமானம் பாதியாகக் குறையும் அங்கே, பின்சக்கரம் இரண்டும் முழுக்கப் பூட்டிக்கொண்டாலும் அவை தரக்கூடிய தடை சுமார் அரை டன். கரை 12-க்கு 1 சரிந்தால் ஆறு டன்னைக் கீழே இழுக்கும் விசையும் ஏறக்குறைய அரை டன். பிரேக் நல்ல நிலையில் இருந்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும் என்பதுதான் இதன் பொருள். மழை பெய்த களிமண்ணில் இன்னும் மோசம். அப்படிப்பட்ட கரையில் பாரத்தை இரண்டு நடையாகப் பிரித்து இறக்குவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

பாரத்தை ஏற்றும் விதத்திலும் பிரேக் இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் பின்கோடியில் எடை குவிந்தால் மூக்கு மேலே தூக்கி, டிராக்டரின் பின்பக்கத்தையும் தூக்கிவிடும். பிரேக் உள்ள ஒரே சக்கரங்கள் அப்போது தரையை லேசாகத்தான் தொடும். மூக்கிலேயே எல்லாவற்றையும் அடுக்கினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. எடை அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி அடுக்குவது சரி. செங்கல்லும் மூட்டையும் சரியாமல் இருக்கும். வைக்கோல், கரும்பு போன்ற உயரமான பாரம் வளைவில் சாயும் என்பதால் கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். கொண்டிப் பின்னுக்கு அடியில் பூட்டுப்பின் இருக்கிறதா, கூடவே ஒரு சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடங்கூட ஆகாது. பின்னுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் செருகி ஓட்டும் பழக்கம் இறக்கத்துக்கு ஆகவே ஆகாது. டிரெய்லர் பாரத்தின் மேல் ஆட்களை ஏற்றக்கூடாது.

இறங்கும்போது பெடலில் காலை வைத்தபடியே வருவது தவறு. எஞ்சின் தாங்கும் வேகத்திலேயே வண்டி போக வேண்டும். அதைத் தாண்டினால் ஒருமுறை நன்றாக அழுத்தி, எடுத்துக்கொண்ட வேகத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் குறைத்து, பெடலை முழுக்க விட்டுவிட வேண்டும். மறுபடி வேகம் எல்லைக்கு வந்ததும் மறுபடி அழுத்தம். அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டுநர்களுக்குக் கற்பிப்பதும் இதே முறைதான். இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே டிரம்முக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. லேசாகத் தொட்டுக்கொண்டே வந்தால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வளைவில் நிஜமாக வேண்டும்போது பிரேக் இருக்காது.

வளைவுக்குள் பிரேக் பிடிப்பது டிரெய்லர் வண்டிக்கு எப்போதும் ஆபத்து. டிராக்டர் திரும்பிவிட்டது, டிரெய்லர் இன்னும் பழைய திசையில் இருக்கிறது; அந்தக் கோணத்தில் பின்னாலிருந்து வரும் தள்ளல் டிராக்டரின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் உந்தும். சக்கரம் வழுக்கினால் டிராக்டரும் டிரெய்லரும் கொண்டியில் மடங்கிக்கொள்ளும். வேகத்தை எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போது குறைத்துவிட வேண்டும். மடங்கத் தொடங்குவது தெரிந்தால் பிரேக்கை விட்டு, இடம் இருந்தால் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து டிரெய்லரை மறுபடி இழுவைக்குக் கொண்டுவருவதே வழி. காலும் மனமும் சொல்வதற்கு நேர்மாறான செயல் இது. சமதரையில் ஒருமுறை மெதுவாகப் பழகிப் பார்க்காதவருக்கு இறக்கத்தில் கைகூடாது. குறுகலான மலைப்பாதையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதற்கு நிற்கவும் இடம் வேண்டும் என்பதால் எதிரே வருவதைத் தூரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது இறங்குபவரின் பொறுப்பு.

பிரேக் கைவிட்டேவிட்டது என்றால் ஆயில் பிரேக்கில் பெடலை வேகமாக நாலைந்து முறை அடித்துப் பார்க்கலாம். குழாயில் காற்று மட்டும் இருந்தால் கொஞ்சம் பிடி திரும்பும். எஞ்சினை அணைக்கக் கூடாது, கியரை எடுக்கக் கூடாது. டிராக்டரில் ஹேண்ட் பிரேக் என்பது பெரும்பாலும் அதே பெடலைப் பிடித்துவைக்கும் பல்சட்டம்தான். அதனால் தனியாக ஒரு பிரேக் இருப்பதாக எண்ணிக்கொள்ள முடியாது. மிச்சம் இருப்பது சாலையோரம். மேட்டுப்பக்கத்து மண்திட்டு, மணல், உழுத நிலம், வாய்க்கால் மேடு என்று எதிலாவது சாய்வாக உரசி வேகத்தை இழப்பது, பள்ளத்தில் விழுவதைவிட எவ்வளவோ மேல். மலைச்சாலைகளில் சில நாடுகள் இதற்கென்றே ஆழமான சரளை நிரப்பிய ஏற்றத் தடங்களை ஓரத்தில் அமைத்திருக்கின்றன. ஓட்டுநர் குதித்துவிடலாம் என்று நினைப்பது பெரும்பாலும் தப்பாகவே முடியும்; பின்னால் டிரெய்லர் சக்கரம் வருகிறது.

கீழே வந்து சேர்ந்ததும் சக்கரங்களைச் சுற்றி ஒரு நடை போக வேண்டும். தொட வேண்டாம், டிரம்முக்கு அருகே புறங்கையைக் காட்டினாலே அனல் தெரியும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவதைப் பலர் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட அதுவே போதும். தானாக ஆறவிட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்துவதும் கூடாது. பழைய ஜீப்பில் டிரம்மின் வெளியே பட்டை சுற்றிப் பிடிக்கும் வகை ஹேண்ட் பிரேக் இருந்தால், சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி, பட்டையின் பிடி தளரும். அரை மணி நேரம் அசையாமல் நின்ற வண்டி பிறகு மெல்ல நகரத் தொடங்கும். கியரில் போட்டு, டிராக்டர் சக்கரத்துக்கு ஒரு கல், டிரெய்லர் சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுத்த பிறகுதான் கொண்டிப் பின்னைக் கழற்ற வேண்டும்.